அவள் கைக்குத் தெரிந்த எழுத்துகள்

தாராவியில் நான் பாடம் நடத்திய அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் பை தைக்கும் பட்டறை, மறுபக்கம் ஒரு குடும்பத்தின் வீடு, பின்னால் வெறும் சுவர். சந்துப் பக்கம் ஒரே ஒரு கதவு. அந்தச் சந்தும் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் உடம்பைத் திருப்பி நிற்க வேண்டிய அகலம்தான். காலை ஒன்பதரைக்கே டியூப்லைட்டைப் போட்டுவிடுவோம். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை இருபத்திரண்டு குழந்தைகள். நானும் ஒரு ஆயாவும்.

நான் மாட்டுங்காவில் குடியிருப்பவள். மகள் படிக்க வெளியூர் போன வருஷம் வீட்டில் பகல் முழுவதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரு டிரஸ்ட் நடத்திய அந்தப் பால்வாடியில் தமிழ் சொல்லித்தரப் போனேன். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏறினால் அதிக நேரம் ஆகாது. ஆனால் என் தமிழுக்கும் அங்கே பேசிய தமிழுக்கும் நடுவில் இருந்த தூரம் கொஞ்சம் அதிகம். "உள்ள வாங்கோ" என்று நான் சொன்னால் தாய்மார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்களுடைய "சொல்லுதிய", "பாத்தியளா" எல்லாம் எனக்குப் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். குழந்தைகளோ வீட்டில் திருநெல்வேலித் தமிழும் சந்தில் ஹிந்தியும் பேசினார்கள். எது எந்த பாஷை என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் ஆறு மாதம் பென்சிலே கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட விதி. அந்த வயதில் விரல்களுக்கு பென்சில் பிடிக்கும் வலு இருக்காது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் மணல் கேட்டு வாங்கி, சலித்து, அலுமினியத் தட்டுகளில் பரப்பி வைத்தேன். அதில் விரலால் எழுதலாம், தட்டை ஒரு குலுக்கு குலுக்கினால் அழிந்துவிடும். சப்பாத்தி மாவை நீளமாக உருட்டி எழுத்து வளைப்போம். தரையில் சாக்பீஸால் பெரிய எழுத்துகளை வரைந்து, நான் சொல்லும் எழுத்தின் மேல் குதிக்கச் சொல்வேன். உப்புத்தாளை எழுத்து வடிவத்தில் வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருந்தேன். அதைத் தடவிப் பார்த்தால் சொரசொரவென்று விரலோடு பேசும். புளியங்கொட்டை, பழைய பட்டன், சணல் கயிறு, கையில் கிடைத்ததெல்லாம் எழுத்தாயிற்று.

அந்த வருஷம் வந்தவர்களில் நாலரை வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். அப்பா பை தைக்கும் பட்டறையில் தையல்காரர். அம்மா வீட்டிலேயே இருந்து துணிகளில் தொங்கும் நூலை நறுக்கிக் கொடுக்கிற வேலை செய்தாள். ஒரே குழந்தை. இரட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பன், கால்களில் எப்போதும் எங்காவது ஒரு சிராய்ப்பு. பாட்டை ஒரு முறை கேட்டால் போதும், அப்படியே திருப்பிப் பாடுவாள். கதை சொன்னால் நான் விட்ட இடத்தை எடுத்துக்கொடுப்பாள். ஆனால் போர்டில் எழுதிக் காட்டினால் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். தட்டுகளை மிதித்துவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் மேல் போய் இடிப்பாள். "டீச்சர், இவ மேல மேல விழுறா" என்று தினம் நாலு புகார்.

நான் அவளைக் கவனித்தேன். கவனித்ததாகத்தான் நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு விட்டதும் சந்து முனையில் கொஞ்சம் திறந்த இடம், வெயில் நேராக விழும். அங்கே அவள் மற்றவர்களோடு ஓடினாள். கீழே கிடந்த பட்டன், ஜிகினாத் துண்டு, பட்டத்து நூல் எல்லாம் பொறுக்கினாள். வெளியே இவ்வளவு சாமர்த்தியமாக இருப்பவள் உள்ளே வந்ததும் மட்டும் எப்படி எல்லாவற்றிலும் முட்டிக்கொள்வாள்? பாசாங்கு என்று முடிவு கட்டினேன். ஒரே குழந்தை, செல்லம், கவனம் தன் மேலேயே இருக்க வேண்டும் என்று செய்கிறாள். இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன் என்ற திமிர் எனக்கு இருந்தது.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஒருநாள் தரையில் எழுத்து வரைந்து குதிக்கும் விளையாட்டு. "ஆ" என்று சொன்னேன். எல்லோரும் ஆ மேல் போய் நிற்க, இவள் ஓடிவந்து ஒரு பையன் மேல் விழுந்தாள். அவன் சுவரில் மோதி உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. நான் அவளுடைய புஜத்தைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"வேணும்னுட்டுதானே பண்றே? கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் கழுத்துப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். அதுவும் எனக்குத் திமிராகத்தான் தெரிந்தது.

அழைத்துப் போக வந்த அவள் அம்மாவைத் தனியாக நிறுத்திச் சொன்னேன். "பொண்ணு சமத்துதான். ஆனா பாசாங்கு பண்றா. இன்னிக்கு ஒரு குழந்தைக்கு ரத்தம் வந்துடுத்து. வீட்ல கொஞ்சம் கண்டிச்சு வைங்கோ."

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டீச்சர் புகார் சொன்னதில் முகம் கறுத்துவிட்டது. "சரி டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையின் கையை வெடுக்கென்று பிடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சிறுமி வந்தபோது கெண்டைக்காலில் நீளமாகத் தடிப்புகள். மூன்று. குனிந்து பார்த்து, என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கரண்டி" என்றாள்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இவ்வளவு அடிக்கச் சொல்லவில்லையே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வகுப்பை ஆரம்பித்தேன். அதன் பிறகு ஒரு வாரம் அவள் யார் மேலும் இடிக்கவில்லை. ஏனென்றால் அவள் நகரவே இல்லை. வந்ததும் கதவு ஓரத்தில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும் வரை அப்படியே இருந்தாள். அம்மாவிடம் "இப்ப பரவால்ல" என்று சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. ஆனால் சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்தே பேய் மழை. பாதிக் குழந்தைகள்தான் வந்திருந்தார்கள். சந்தில் தண்ணீர் ஏறியதால் வாசலில் பலகை வைத்துக் கதவைச் சாத்தினோம். உப்புத்தாள் அட்டைகளைத் தரையில் பரப்பி, ஒரே மாதிரி எழுத்துகளைச் சேர்க்கும் விளையாட்டு. சட்டென்று கரண்ட் போயிற்று.

ஜன்னல் இல்லாத அறையில் கதவையும் சாத்திவிட்டால் பகலிலும் தன் கை தனக்குத் தெரியாது. குழந்தைகள் அலறிவிட்டார்கள். "லைட் கயா! லைட் கயா!" என்று ஒருவன் கத்துகிறான். இன்னொருத்தி "ஒண்ணுமே தெரியல டீச்சர்" என்று என் புடவையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஆயா சுவரைத் தடவிக்கொண்டே என் பையில் மொபைலைத் தேடினாள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு குரல் மட்டும் நிதானமாகக் கேட்டது.

"இது ட. பொட்டி மாதிரி. இது ப. இது ம. இன்னொரு ம. இது அ."

ஆயா மொபைல் வெளிச்சத்தைத் திருப்பினாள். அந்தச் சிறுமி கால் நீட்டி உட்கார்ந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவி, பெயர் சொல்லி, பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்குகளை வாங்கிப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. போர்டில் நான் எழுதிக் காட்டி ஒரு எழுத்தைக்கூட அவள் இதுவரை சரியாகச் சொன்னதில்லை.

"உனக்கு பயமா இல்லையா?"

"எதுக்கு டீச்சர்?"

"இருட்டா இருக்கே."

நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. "எப்பவும் இப்படித்தான டீச்சர் இருக்கு" என்றாள்.

கரண்ட் வந்ததும் முதல் காரியமாக, டியூப்லைட் வெளிச்சத்தில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு விரலை நீட்டி எத்தனை என்று கேட்டேன். மூன்று என்றாள். நாலு என்றாள். பிறகு என் கையைத் தேடிப் பிடித்து, தொட்டுப் பார்த்து, "ரெண்டு" என்றாள். மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தபோது சந்து முனைக்கு அழைத்துப்போய் அதே கேள்வியைக் கேட்டேன். பார்த்ததும் சரியாகச் சொன்னாள். கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினேன். கை எங்கே போயிற்று என்று தேடினாள்.

அவள் அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். வாசலில் நின்றபடி, குரலைத் தாழ்த்தி.

"கண்ணுல ஏதோ கோளாறு இருக்குன்னு தோண்றது. வெளிச்சம் கம்மியா இருந்தா அவளுக்குத் தெரியல. ஒரு டாக்டர்ட்ட காட்டிடலாம்."

"என்ன டீச்சர் சொல்லுதிய? அவ வெளிய என்னமா ஓடுதா. கடுகு கீழ கெடந்தாலும் பொறுக்கிருவா."

"வெயில்ல தெரியறது. உள்ளதான் தெரியல."

"அன்னைக்கு நீங்கதான சொன்னிய, பாசாங்கு பண்ணுதான்னு?"

"தப்பா சொல்லிட்டேன்."

அவள் என்னை முழுசாகப் பார்த்தாள். "நீங்க சொன்னதுனாலதான் டீச்சர் அடிச்சேன். அன்னைக்கு வரைக்கும் எம் புள்ளய நான் கைநீட்டி அடிச்சதில்ல."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. மறுநாள் சிறுமி வரவில்லை. அடுத்த பத்து நாளும் வரவில்லை.

பதினோராம் நாள் வகுப்பு முடிந்ததும் ஆயாவைக் கூட்டிக்கொண்டு வீடு தேடிப் போனேன். மாடி அறை. ஏறுவதற்குச் சுவரோடு சாய்த்து வைத்த இரும்பு ஏணி. அம்மா குவியலாகக் கிடந்த சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நூல் நறுக்கிக்கொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு சட்டைக் குவியலை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தாள். நானும் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து நூலைத் தேட ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிறுமி தண்ணீர் பாட்டிலோடு கீழே இறங்கப் போனாள். இரும்பு ஏணியில் காலை விட்டு, பெருவிரலால் ஒவ்வொரு படியாகத் துழாவித் துழாவி இறங்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், அவள் அம்மாவும் கத்தரியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து தினமும் பார்த்திருப்பாள். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ராத்திரி கக்கூஸுக்குப் போவணும்னா என் சேலைய விடவே மாட்டா" என்றாள், என்னைப் பார்க்காமல். "பயந்தாங்கொள்ளின்னு ஏசுவேன். அவுகளும் ஏசுவாக." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரேன் டீச்சர். நீங்களும் கூட வாங்க. எனக்குத் தனியா போவ பயமா இருக்கு."

பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போனோம். முதல் நாள் வரிசையில் நின்றதோடு சரி. இரண்டாம் நாள் கண்ணில் மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்து, இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஒரு இளம் பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்து ஹிந்தியில் பேசினார். முதலில் கேட்டது, சொந்தத்தில் கல்யாணமா என்று. அம்மா தலையை ஆட்டினாள். அவள் கணவர் அவளுடைய அம்மா கூடப் பிறந்த தம்பி. டாக்டர் முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் எழுதிக்கொண்டார். கண்ணுக்குள்ளே படம் விழுகிற திரை கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்து வருகிறது, பிறவியிலேயே வந்தது, இருட்டில் தெரியாமல் போவதுதான் முதல் அடையாளம், வயது ஏற ஏறச் சுற்றுப்பக்கமும் குறுகிக்கொண்டு வரும் என்று சொன்னார். கண்ணாடி போட்டால்? பயனில்லை. ஆபரேஷன்? இதற்கு இல்லை. எவ்வளவு வருஷம்? சொல்ல முடியாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். குழந்தை அவள் மடியில் உட்கார்ந்து டாக்டரின் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தது. பிறகு அம்மா ஹிந்தியில் கேட்டாள்:

"டாக்டர் ஸாப், மார்னே ஸே ஹுவா க்யா?"

அடித்ததால் வந்ததா என்று. டாக்டருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நஹி நஹி, ஐஸா குச் நஹி" என்று அவள் கையைத் தொட்டுச் சொன்னார். அடித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மா தலையசைத்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எந்த முகத்தோடு பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியில் பாதி என்னுடையது. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை, அவள்தான் கேட்டாள்.

வெளியே வந்ததும் சிறுமி கரும்புச் சாறு கேட்டாள். மூவரும் நின்று குடித்தோம். வெயிலில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. டம்ளரில் ஒரு எறும்பு மிதப்பதைக்கூட அவள்தான் கண்டுபிடித்தாள்.

மறுநாளே அவள் வகுப்புக்குத் திரும்பினாள். நான் போர்டைச் சுவரோடு திருப்பி வைத்தேன். அந்த வருஷம் முழுவதும் எல்லாக் குழந்தைகளுக்கும் கையால் தொட்டுத்தான் பாடம். துணிப்பைக்குள் கையை விட்டு என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். முதுகில் விரலால் எழுதினால் கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்காக மட்டும் என்று தெரியாதபடி எல்லோருக்குமாகச் செய்தேன். முதுகில் எழுதும் விளையாட்டில் அவளை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. மற்றவர்கள் அவளோடு ஜோடி சேரப் போட்டி போட்டார்கள். அவள் மறுபடியும் பாட ஆரம்பித்தாள். யார் மேலாவது இடித்தால் அவர்களே கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான் அதைச் சொல்லித்தரவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் பார்வையற்ற குழந்தைகளுக்கான ஒரு பள்ளியின் விலாசம் இருந்தது. அம்மா அதை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டாள். நான் தனியாகப் போய் அங்கிருந்த ஒரு ஆசிரியையைப் பார்த்தேன். அவருக்கும் பார்வை கிடையாது. பிரெய்ல் என்றால் ஆறு புள்ளிகள், மூன்று வரிசை, இரண்டு இரண்டாக. அதில் எவை மேடாக இருக்கின்றன என்பதுதான் எழுத்து என்று சொல்லி என் விரலைப் பிடித்துத் தாளின் மேல் வைத்தார். எனக்கு எல்லாம் ஒரே மணல் மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவோ முயன்றேன். அவர் சிரித்தார். "உங்க விரலுக்கு வயசாயிடுச்சு. குழந்தைக்கு அப்படி இருக்காது. சீக்கிரம் கூட்டிட்டு வாங்க," என்று ஹிந்தியில் சொன்னார்.

அவர்கள் வீட்டில் அதைச் சொன்னபோது அம்மா கோபப்பட்டாள். "குருட்டு எழுத்து எதுக்கு டீச்சர் இப்பவே? அவளுக்குத்தான் இன்னும் தெரியுதே."

அன்றைக்கு அவள் கணவரும் வீட்டில் இருந்தார். அதுவரை அவர் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. கை நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தெரியும்போதே படிச்சுக்கிடட்டும். தெரியாம போன பெறவு படிச்சா பயந்து படிக்கணும்."

அடுத்த வாரம் அவர் பட்டறையிலிருந்து ஒரு ரெக்சின் துண்டைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு. அதில் ஆறு டிச் பட்டன்களின் அடிப்பாகத்தை, மூன்று வரிசையாக, இரண்டு இரண்டாக அடித்திருந்தார். மேல்பாகங்கள் தனியாக ஒரு சுருக்குப் பையில். வேண்டிய இடத்தில் பட்டனை வைத்து அமுக்கினால் டிச் என்று உட்காரும், பிடுங்கினால் வந்துவிடும். இப்படி ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சிறுமிக்கு அது பொம்மை. நாள் முழுவதும் டிச், டிச் என்று அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

பள்ளி ஆசிரியை தமிழுக்கான புள்ளி அட்டை ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். நான் ஒவ்வொரு வாரமும் அவரிடம் நாலு எழுத்து கற்றுக்கொண்டு வந்து அவளுக்குச் சொன்னேன். தமிழ்க் குழந்தைகளுக்கு 'அ' எழுத வருவதற்குள் உயிர் போய்விடும். எத்தனை சுழி, எத்தனை வளைவு. இங்கே அதற்கு ஒரே புள்ளி. மேலே இடது பக்கம் ஒரே ஒரு பட்டன். "இவ்ளோதானா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹிந்தியின் 'அ'வுக்கும் அதே புள்ளிதான், 'க'வுக்கும் 'ம'வுக்கும் இரண்டு பாஷையிலும் அதே புள்ளிகள். அவள் பட்டனை அமுக்கிவிட்டு, "ஹிந்தில சொல்லவா, தமிழ்ல சொல்லவா?" என்று கேட்பாள்.

நான் சொல்லித்தரும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் நறுக்கிக்கொண்டிருப்பாள். பார்க்காத மாதிரிதான் இருப்பாள். ஒருநாள் நான் ஒரு எழுத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். "அது ந இல்ல டீச்சர், அதுக்குக் கீழயும் ஒரு பட்டன் வேணும்" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பட்டனைத் தானே அமுக்கினாள். அதற்குப் பிறகு அவளும் கூட உட்கார்ந்தாள்.

ஆறரை வயதில் சிறுமியை அந்தப் பள்ளியில் சேர்த்தார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். ஹிந்தியும் மராட்டியும்தான் அங்கே, தமிழ் கிடையாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் நான் போனேன். பெட்டி கட்டி வைத்திருந்தார்கள். ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, "நீ சின்னவளா இருந்தப்ப நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். அம்மாட்ட பொய்யா ஒண்ணு சொல்லிட்டேன். மன்னிச்சுடு" என்றேன்.

"விடுங்க டீச்சர். அதெல்லாம் அவளுக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது" என்றாள் அம்மா.

"இருக்கு" என்றாள் சிறுமி. "கரண்டி."

பக்கத்து அறையிலிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். மன்னிப்பு என்று அவள் எதுவும் கேட்கவில்லை. சிறுமி அம்மாவின் முதுகில் கையை வைத்து, மெதுவாக, விரலால் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. என்னை மன்னித்தாளா என்று நான் இன்று வரை சிறுமியைக் கேட்டதில்லை. கேட்பது அவள் மேல் இன்னொரு பாரத்தை வைப்பதாகும் என்று பட்டது.

இப்போது அவளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. பார்வை டாக்டர் சொன்னபடியே குறுகிக்கொண்டு வருகிறது. நேருக்கு நேராக, நல்ல வெயிலில், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத் தெரிகிறது என்கிறாள். போன லீவில் பஸ் நம்பரைப் படிக்க முடியவில்லை. அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். அம்மாதான் அன்று சாப்பிடவில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் தாராவியில் பிறந்தவள். ஐந்தாவது வரைக்கும் ஹிந்திப் பள்ளியில் படித்தாள். பேசுவது தமிழ்தான், ஆனால் அச்சில் உள்ள தமிழ் அவளுக்குப் படிக்கத் தெரியாது. தமிழில் எழுதிய கடை போர்டுகூடப் படிக்கத் தெரியாது. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது, அவளாகச் சொல்லவில்லை. சிறுமி ஹாஸ்டலிலிருந்து கனமான தாளில் புள்ளி குத்தி, தமிழில், மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். அதை அம்மா படிக்கிறாள். எல்லாம் சேர்த்து அவளால் படிக்க முடிகிற தமிழ் அந்தக் கடிதங்கள் மட்டும்தான்.

போன வாரம் நான் போயிருந்தபோது கடிதம் வந்திருந்தது. வாசல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, பிறகு சேர்த்துச் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் நின்று, "இது ளவா, லவா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அவள் மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

"ள" என்றாள். "வெள்ளிக்கெழம. வெள்ளிக்கெழம சோறு கொழஞ்சி போயிருந்துச்சாம். ஊறுகா வேணுமாம். மாங்கா இல்ல, எலுமிச்சங்கா."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து, ஊறுகாய்க்குக் காலி பாட்டில் இருக்கிறதா என்று மேல்தட்டில் தேடினாள். ஹாஸ்டலில் சனிக்கிழமைதான் பார்க்க விடுவார்கள். நான் தாதர் மார்க்கெட்டில் எலுமிச்சை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினேன்.